26 வருஷம் நின்ன வெள்ளி அடைப்பு, 14 மாசத்தில் விட்ட வெள்ளை அடைப்பு: கோளாறு சரக்கிலா, என் பல்லிலா?

கோட்டையூர் பலகாரம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோட்டையூரில் கல்யாணத்துக்கும் சீருக்கும் பலகாரம் செஞ்சு கொடுக்கிறவ. சீப்புச் சீடை, தேன்குழல், மணகோலம், அதிரசம், மாவுருண்டை. ஆர்டர் நெருங்கிட்டா ரெண்டாங்கட்டில் சட்டி முன்னாலயே பொழுது போயிரும். ஒவ்வொரு ஈடு எடுத்ததும் ஒரு சீப்புச் சீடையை எடுத்து வலது கடைவாயில் வச்சு ஒரு கடி கடிப்பேன். கையால ஒடிச்சா மேல்மொறுப்பு தெரியும், உள்மொறுப்பு தெரியாது. அந்தச் சத்தம் காதுக்குள்ள வந்தாத்தான் எனக்கு நம்பிக்கை. 30 வருஷமா இதே பழக்கம்.

அந்த வலது கீழ்க் கடைவாய்ப்பல்லைப் பத்தித்தான் கேட்க வந்தேன்.

1997-ல, மூத்தவனுக்கு ஒரு வயசு இருக்கும்போது, அதில சொத்தைன்னு காரைக்குடியில வெள்ளி அடைச்சாங்க. அரைமணி நேர வேலை. அதுக்கப்புறம் அப்படி ஒண்ணு இருக்குங்கிறதையே மறந்துட்டேன். 2023 ஆவணியில, ஒரு பெரிய ஆர்டருக்கு நடுவுல, சீடையைக் கடிக்கும்போது ‘மடக்’னு ஒரு சத்தம். சீடைதான்னு நெனச்சேன். துப்பிப் பார்த்தா பல்லோட உள்பக்கச் சுவர் ஒரு சில்லா கையில இருக்கு. வெள்ளி அடைப்பு கறுத்துப்போய் அப்படியே பல்லுக்குள்ள உக்காந்திருக்கு. பல்லுதான் உடைஞ்சிருக்கு, அடைப்பு உடையலை.

போனேன். “இப்பல்லாம் வெள்ளி வைக்கிறதில்லை”ன்னு அதை எடுத்துட்டு, பல் கலர்ல நீல வெளிச்சம் காட்டி அடைச்சாங்க. பார்க்க அழகா இருந்துச்சு. 14 மாசத்தில் ஓரம் பிளந்து விழுந்துருச்சு. வேற ஒரு கிளினிக்ல மறுபடி அதே மாதிரி அடைச்சேன். அது பத்து மாசம். இப்ப குழியில நாக்கு போய்ப் போய் நாக்கு ஓரம் புண்ணாயிருக்கு. ஜில்லுத் தண்ணி பட்டா சுருக்குங்குது, உடனே விட்டுருது.

ஒரு டாக்டர் சொல்றாங்க, வேர் சிகிச்சை செஞ்சு, ஜிர்கோனியாங்கிற கெட்டிப் பீங்கான்ல பல்லு மேல மூடி மாதிரி ஒரு கேப் போட்டுரணும்னு. இன்னொருத்தர் சொல்றாங்க, இன்னும் நல்ல கம்பெனி சரக்கு இருக்கு, அதை வச்சு அடைச்சா நிக்கும்னு. எனக்கு யாரையும் குறை சொல்ற எண்ணம் இல்லை. என் சந்தேகம் ஒண்ணுதான். எங்க பக்கத்து வளவுல சுவர்ல பூசின முட்டைச் சுண்ணாம்பு நூறு வருஷத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி இருக்கு. நேத்து கட்டின வீட்டுல பெயின்ட் உரியுது. பல்லுலயும் அப்படித்தானா? பழைய சரக்குதான் ஒசத்தியா? இந்தப் பல் சரக்கையெல்லாம் எத்தனை வருஷம் தாங்கும்னு சோதிச்சுத்தான் விக்கிறாங்களா, எப்படிச் சோதிக்கிறாங்க?

கூடவே இன்னொண்ணு. ஆத்தாவுக்கு 81 வயசு. அறுபது வருஷமா வெத்திலை பாக்கு. பல்லெல்லாம் தேஞ்சு தட்டையா இருக்கு, ஈறு ஓரத்தில் வெட்டுன மாதிரி பள்ளம். அடைச்சா நிக்குமா, அடைக்கணுமா?

தெரிஞ்சவங்க விவரமாவே சொல்லுங்க. எனக்குப் புரியும்.

---

தேவகோட்டை பல் டாக்டர் எழுதியது:

அக்கா, உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. “பல்லுதான் உடைஞ்சிருக்கு, அடைப்பு உடையலை” என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதைப் பிடித்துக்கொண்டே சொல்கிறேன்.

1997-ல் வெள்ளி வைத்தபோது உங்கள் பல்லுக்கு நாலு பக்கமும் சுவர் இருந்தது. நடுவில் ஒரு குழி, அதில் ஒரு ஆப்பு. 2023-ல் வெள்ளை வைத்தபோது ஒரு பக்கச் சுவரே இல்லை. அதனால் இவை இரண்டு சரக்குகளுக்கு நடந்த பந்தயம் இல்லை. முன்னது நாலு சுவருக்குள் உட்கார்ந்திருந்தது, பின்னது இடிந்த சுவரின் வேலையையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருந்தது. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் நீக் ஆப்டம் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2014-ல் பல நீண்டகால ஆய்வுகளின் மூலக்கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். கடைவாய்ப்பல்லில் வைத்த காம்போசிட் அடைப்புகள், அதாவது உங்கள் வெள்ளை அடைப்பு வகை, சராசரியாக வருடத்துக்கு 100-க்கு 2 என்ற அளவில்தான் கெட்டன. முதல் ஐந்து வருடக் கணக்கில் 1.8, பத்து வருடக் கணக்கில் 2.4. ஆனால் பல்லில் ஒரு சுவர் போகப் போக, கெடும் வாய்ப்பு ஒவ்வொரு சுவருக்கும் 30 முதல் 40 சதவீதம் ஏறியது. சொத்தை அடிக்கடி வரும் வாய்க்காரர்களுக்குக் கெடும் வேகம், சொத்தை வராதவர்களைவிட இரண்டரை மடங்குக்கு மேல். சரக்கைவிட வாய்தான் அங்கே பெரிய புள்ளியாக நின்றது.

பிரேசிலில் ஒரே ஒரு டாக்டர் வைத்த 362 காம்போசிட் அடைப்புகளை 22 வருடம் பின்தொடர்ந்தார்கள். இரண்டு வகைச் சரக்கு. ஒன்றில் கண்ணாடித் துகள் அதிகம், இன்னொன்றில் குறைவு. துகள் கூடியது வருடத்துக்கு 1.5 சதவீதமும் மற்றது 2.2 சதவீதமும் கெட்டன. அந்த வித்தியாசமும் இரண்டாவது பத்தாண்டில்தான் நன்றாகத் தெரிந்தது. அதனால் 14 மாதத்தில் ஒன்று விழுந்தால் சரக்கின் பெயரைக் கேட்பதில் பயனில்லை. எப்படி வைத்தார்கள் என்றுதான் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுகிற காக்ரேன் குழுவின் 2021 தொகுப்பில் வெள்ளியோடு ஒப்பிட்டால் காம்போசிட் கெடும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை பிடிப்பதும் இரு மடங்கு. உடைவதில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த எண்கள் முக்கியமாக லிஸ்பனிலும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்திலும் குழந்தைகளுக்கு வைத்த அடைப்புகளிலிருந்து வந்தவை, சான்றின் உறுதி குறைவு என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனாலும் திசை தெளிவு. வெள்ளி, கொஞ்சம் ஈரம் பட்டாலும் பொறுத்துக்கொள்ளும். காம்போசிட் பொறுக்காது.

இந்த ஈரத்தைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். இருபது வருடமாக நான் தினமும் பார்த்துக் கவலைப்படுகிற விஷயம் இது.

காம்போசிட் தானாக ஒட்டாது. சொத்தையைச் சுரண்டி எடுத்த பிறகு 37 சதவீத பாஸ்பாரிக் அமிலத்தை ஜெல்லாகப் பல்லின் ஓரத்தில் தடவுகிறோம். பதினைந்து வினாடி. கழுவி, காற்று அடித்ததும் பல்லின் கெட்டி மேலோடான எனாமல் பளபளப்பு போய், வெளுத்த சுண்ணாம்புபோலப் பூக்கும். அந்தப் பூப்பை நான் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பேன். பார்வைக்குத்தான் பூப்பு, உண்மையில் அவை கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான குழிகள். ஒட்டவைக்கிற பாண்டிங் திரவம் அந்தக் குழிகளுக்குள் இறங்கி, நீல விளக்கில் இறுகி, வேர் பிடித்தது மாதிரி நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் குழிகள் மூடிக்கொள்ளும். அப்போது கண்ணுக்கு எதுவும் தெரியாது. வெளியே போகும்போது நோயாளி கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். ஒரு வருடம் கழித்துத் தெரியும்.

அடுத்தது சுருக்கம். இந்தச் சரக்கு இறுகும்போது கனஅளவில் சுமார் 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். பெரிய குழியை ஒரே கட்டியாக நிரப்பி விளக்கைக் காட்டினால், சுருங்கும் இழுப்பில் ஓரம் பிய்ந்துகொள்ளும். அதனால் வழக்கமான சரக்கை 2 மில்லிமீட்டர் கனத்துக்கு மிகாமல் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். உங்கள் முட்டைச் சுண்ணாம்புச் சுவரை அந்தக் காலத்துக் கொத்தனார் ஒரே பூச்சாகப் பூசவில்லை. அது மாதிரிதான்.

2009-லிருந்து ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். பெரிய அடைப்பு எது வைத்தாலும் தேதி, எந்தப் பல், எத்தனை சுவர், ரப்பர் டேம் போட்டேனா இல்லையா என்று எழுதுவேன். திரும்பி வந்தால் அந்த வரிக்குச் சிவப்பு மையில் கோடு. ரப்பர் டேம் என்பது பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு வாயின் மற்ற பாகத்தை மூடுகிற மெல்லிய ரப்பர் விரிப்பு. 1864-லிருந்தே இருக்கிறது. அவசரத்தில் பஞ்சை மட்டும் வைத்துச் செய்த நாட்களில்தான் என் சிவப்புக் கோடுகள் அதிகம். 2011-ல் ஒரு ஆசிரியைக்குக் கீழ்க் கடைவாயில் அப்படித்தான் வைத்தேன். ஒன்றரை வருடத்தில் விழுந்தது. அடைப்புத் துண்டை ஒரு சின்னத் தாளில் மடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், கோபப்படவே இல்லை. அந்தத் தாள் இன்னும் நோட்டுக்குள் இருக்கிறது. அதன் பிறகு கடைவாய்ப்பல்லில் விரிப்பு போடாமல் நான் காம்போசிட் வைத்ததில்லை.

எனக்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும். இரண்டு தடவையும் ரப்பர் விரிப்பு போட்டார்களா? எவ்வளவு நேரம் எடுத்தது? இரவில் தானாக வலிக்கிறதா? ஜில் பட்டு உடனே விட்டுவிடுகிறது என்றால் நரம்பு உயிரோடு நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் கேப் போடுவதற்காகவே வேர் சிகிச்சை செய்யத் தேவையில்லை. குளிர்ச்சி சோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

---

சிக்ரி பழைய ஆள் எழுதியது:

தாயி, நான் பல் டாக்டர் இல்லை. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தில், நம்ம ஊர்க்காரங்க சொல்ற சிக்ரியில, அரிமானப் பிரிவுல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரும்பு, செம்பு, கான்கிரீட்டுக்குள்ள கம்பி, இதெல்லாம் எப்படி அரிக்குதுன்னு பார்க்கிறதே வாழ்க்கையா இருந்துச்சு. என் வாயிலயும் மூணு வெள்ளி அடைப்பு இருக்கிறதால இதைப் பத்தி நிறையப் படிச்சேன்.

உங்க வெள்ளி 26 வருஷம் நின்னதுக்கு ஒரு காரணம் அதோட அரிப்புதான். கேட்க விநோதமா இருக்கும். நாம வெள்ளின்னு சொல்ற அந்த அடைப்புக் கலவைக்குப் பேரு அமால்கம். அதில ஏறக்குறைய பாதி எடை பாதரசம், மிச்சம் வெள்ளி, வெள்ளீயம், செம்பு. வச்ச புதுசுல பல்லுக்கும் அதுக்கும் நடுவுல மயிரிழை சந்து இருக்கும். வாயில எச்சில் இருக்கு, உப்பு இருக்கு, புளி இருக்கு. மெதுவா அரிச்சு, அந்த அரிப்புல உண்டாகிற உப்புகளும் ஆக்சைடும் சந்துக்குள்ளயே படிஞ்சு அடைச்சுக்கும். தன் கசிவைத் தானே அடைக்கிற பொருள் வேற எத்தனை இருக்கும் சொல்லுங்க? அதே அரிப்பு அளவு மீறினா ஓரம் உதிரும். பழைய கலவையில வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த ஒரு பகுதி, அதுதான் ரொம்ப பலவீனம். 1963-ல கனடாவில் இன்னஸ், யூடெலிஸ்னு ரெண்டு பேர் செம்பைக் கூட்டிக் கலவை செஞ்சாங்க. அதில அந்தப் பலவீனப் பகுதி ஏறக்குறைய இல்லாமலே போச்சு. 1997-ல உங்களுக்கு வச்சது அந்த வகையா இருந்திருந்தா, நின்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

வெள்ளி அடைப்பு இருக்கிறவங்க சாக்லேட் சுத்தின அலுமினியத் தாளைத் தெரியாம கடிச்சா ‘சுளீர்’னு தலை வரைக்கும் ஏறும். அது வாய்க்குள்ள ஒரு சின்ன பேட்டரி. ரெண்டு உலோகம், நடுவுல எச்சில். தங்கப் பல்லும் வெள்ளி அடைப்பும் எதிரெதிரே இருந்தாலும் அப்படித்தான். எங்க ஐயாவுக்கு ரங்கூன்ல கட்டின தங்கப்பல் உண்டு. எதிர்ல வெள்ளி வச்ச புதுசுல செம்பைக் கடிச்ச மாதிரி ருசி வருதுன்னு சொல்வாரு. யாரும் நம்பலை. நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அவர் சொன்னது நெஜம்னு தெரிஞ்சது. அதுக்குள்ள அவர் போயிட்டாரு.

பாதரசம்னு பயப்படுறவங்களுக்கு ஒரு வார்த்தை. லிஸ்பன்ல 507 பிள்ளைகளை ஏழு வருஷமும், நியூ இங்கிலாந்துல 534 பிள்ளைகளை அஞ்சு வருஷமும் வச்சுப் பார்த்தாங்க. 2006-ல முடிவு வந்துச்சு. வெள்ளி வச்ச பிள்ளைகளுக்கும் காம்போசிட் வச்ச பிள்ளைகளுக்கும் மூளை, நரம்பு சோதனைகள்ல வித்தியாசம் தெரியலை. இப்ப உலகம் வெள்ளியை விடுறதுக்குப் பெரிய காரணம் தண்ணியிலயும் மண்ணுலயும் சேர்ற பாதரசம். பாதரசத்தைக் குறைக்க நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தம் 2017-ல நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1-லிருந்து நிறுத்திருச்சு. அதனால ஒழுங்கா இருக்கிற பழைய அடைப்பைப் பயந்துபோய்த் தோண்டி எடுக்காதீங்க. தோண்டுறப்பதான் ஆவி அதிகம் வரும்.

டாக்டர் அமிலம் தடவுறதைச் சொன்னாரு. அந்த வேலை எங்க துறையிலிருந்து போனது. கப்பல், இரும்பு மேல பெயின்ட் பிடிக்கிறதுக்கு முன்னால பாஸ்பாரிக் அமிலத்தால கழுவுற வழக்கம் தொழிற்சாலையில இருந்துச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் 1955-ல மைக்கேல் புவனகோர்ங்கிற பல் மருத்துவர் எனாமல்ல தடவிப் பார்த்தாரு. அவர் பயன்படுத்தினது 85 சதவீதம், முப்பது வினாடி. எனக்கு அதைப் படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. பெயின்ட் அடிக்கிறவனுக்கும் பல் அடைக்கிறவருக்கும் ஒரே கவலைதான். எந்தப் பூச்சும் நடுவுல விடாது, ஓரத்துலதான் விடும்.

சோதனை எப்படின்னு கேட்டீங்க. பிடுங்கின பல்லுல அடைச்சு, 5 டிகிரித் தண்ணியிலயும் 55 டிகிரித் தண்ணியிலயும் மாத்தி மாத்தி முக்குவாங்க. ஐஸும் காப்பியும் மாறி மாறிக் குடிக்கிற கணக்கு. அப்படி 10,000 தடவை முக்கினா ஏறக்குறைய ஒரு வருஷம்னு ஒரு வழக்கம். சவைக்கிற இயந்திரமும் உண்டு. சுமார் அஞ்சு கிலோ அழுத்தத்தில் 12 லட்சம் தடவை இடிச்சா அஞ்சு வருஷம்னு கணக்கு வைக்கிறாங்க. எங்க ஆய்வகத்திலயும் உப்பு மூட்டத்துல தகட்டை வச்சுக் கடற்கரை வருஷங்களைச் சுருக்கிப் பார்ப்போம். அதில ஜெயிச்ச பூச்சு எல்லாம் கடற்கரையில ஜெயிக்காது. ஆனா அதில தோத்தது கடற்கரையிலயும் பெரும்பாலும் தோத்துரும். இந்த இயந்திரச் சோதனைகளையும் நான் அப்படித்தான் பார்ப்பேன்.

---

புதுவயல் லேப் எழுதியது:

அக்கா, நான் கேப் செய்யிற பல் லேப்பில் வேலை. ஜிர்கோனியா பத்தி மட்டும் சொல்றேன்.

ஜிர்கோனியாக் கட்டி எங்ககிட்ட வரும்போது சாக்பீஸ் மாதிரி இருக்கும், நகத்தால கீறினா தூள் வரும். உங்க பல் அளவைவிட இருபது, இருபத்தஞ்சு சதவீதம் பெருசா மெஷின்ல கடைஞ்சு எடுத்து, சுமார் 1500 டிகிரி உலையில ராத்திரி முழுக்க வைப்போம். காலையில சுருங்கிச் சரியான அளவுக்கு வந்து நிக்கும். அதுக்கப்புறம் வைரத்தூள் பதிச்ச கடைசல் முனை இல்லாம தொட முடியாது. வளைச்சு உடைக்கிற சோதனையில 900-லிருந்து 1200 மெகாபாஸ்கல் (வலுவை அளக்கிற அலகு) வரைக்கும் தாங்கும். பழைய பீங்கான் 100-ஐத் தாண்டினா பெருசு. நடுவுல லித்தியம் டைசிலிகேட்டுன்னு ஒண்ணு இருக்கு, அது 400 பக்கம். ஜிர்கோனியாவில ஒரு விசேஷம், விரிசல் விழ ஆரம்பிச்சா, விரிசல் முனையில இருக்கிற துகள் உருமாறி லேசா உப்பி அந்த விரிசலை நெருக்கிப் பிடிக்கும்.

அதனால கேப் உடையுமேன்னு கவலை வேண்டாம். நீங்க கேட்க வேண்டியது மேல்பல்லைப் பத்தி. கேப்பை வாயில வச்சு, கடி உயரமா இருக்குன்னு டாக்டர் தேய்ச்சுச் சரி செய்வாங்க. தேய்ச்ச இடத்தை அப்படியே விட்டா உப்புத்தாள் மாதிரி மேல்பல்லை அரைச்சுரும். மேல கண்ணாடிப் பூச்சு கொடுத்தாலும் அது கொஞ்ச நாள்ல தேஞ்சு உள்ள இருக்கிற சொரசொரப்பு வெளிய வரும். நல்லா மெருகு போட்ட ஜிர்கோனியாதான் எதிர்ப்பல்லுக்குச் சாது. நம்ம ஆத்தங்குடிக் கல்லு நடக்க நடக்க மெருகு ஏறும் பாருங்க, அது வேற ஜாதி. ஜிர்கோனியாவுக்கு முதல் நாளே மெருகு ஏத்தியாகணும். தேய்ச்ச பிறகு ரப்பர் சக்கரம் வச்சு மெருகு போட்டுத் தாங்கன்னு கேளுங்க. பத்து நிமிஷ வேலை. லேப்புக்கே திருப்பி அனுப்பச் சொன்னாலும் நாங்க செஞ்சு தருவோம்.

---

கோட்டையூர் பலகாரம் எழுதியது:

டாக்டர் தம்பி, ஐயா, லேப் தம்பி, மூணு பேருக்கும் நன்றி. ரெண்டு தடவை உக்காந்து படிச்சேன், மகனையும் படிக்கச் சொன்னேன்.

ரப்பர் விரிப்பு ரெண்டு தடவையும் போடலை. பஞ்சு உருளை வச்சாங்க, அது நனைஞ்சு நனைஞ்சு மாத்தினாங்க. முதல் தடவை இருபது நிமிஷம். நீல விளக்கை ஒரே ஒரு தடவைதான் காட்டுனது ஞாபகம் இருக்கு. ராத்திரி வலி இல்லை. சூட்டுக்கும் வலி இல்லை.

தம்பி, நான் அந்தப் பக்கமே கடிக்கக் கூடாதா? அது என் தொழில். கேட்கவே மனசு சங்கடமா இருக்கு.

---

தேவகோட்டை பல் டாக்டர் எழுதியது:

கடிக்கலாம் அக்கா. பல் இருப்பது கடிக்கத்தான். ஆனால் உங்கள் கடி சாப்பாட்டுக் கடி இல்லை. ஒரே இடத்தில், காய்ந்த கெட்டிப் பொருளை, ஒரே நொடியில் உடைக்கிற கடி. ஒரு நாளைக்கு எத்தனை ஈடு என்று எண்ணிப் பாருங்கள். 26 வருடத்தில் உங்கள் பல்சுவர் களைத்துப்போய் உடைந்ததில் அதற்கும் பங்கு இருக்கும். வெள்ளி பல்லோடு ஒட்டுவதில்லை, வெறுமனே உள்ளே உட்கார்ந்திருக்கும். சுவர் ஒவ்வொரு கடிக்கும் மயிரிழை அளவு விரிந்து மூடும். சிக்ரி ஐயா சொன்ன வெந்நீர், குளிர்நீர்ச் சோதனையைச் சட்டி முன்னால் நின்றுகொண்டு நீங்களே உங்கள் பல்லுக்குச் செய்திருக்கிறீர்கள்: சூடான சீடை, உடனே ஒரு வாய் ஜில்லுத் தண்ணீர்.

நீல விளக்கு ஒரு தடவைதான் என்பது எனக்கு முக்கியமான செய்தி. அத்தனை பெரிய குழிக்கு அது போதாது. விளக்கின் முனை பல்லிலிருந்து விலகினாலே, அல்லது முனையில் பழைய சரக்கு ஒட்டியிருந்தாலே, அடியில் இருக்கிற பாகம் அரைவேக்காடாக நின்றுவிடும். மேலே கல்லாக இருக்கும். பல நாடுகளில் கிளினிக்குகளுக்கே போய் விளக்குகளை அளந்தபோது, போதிய வெளிச்சம் தராதவை நிறைய அகப்பட்டன. நானும் மாதம் ஒரு முறை மீட்டர் வைத்து அளக்கிறேன்.

உங்கள் பல்லுக்கு என் யோசனை இது. நரம்பு நன்றாக இருந்தால் வேர் சிகிச்சை வேண்டாம். மறுபடி குழிக்குள் மட்டும் அடைப்பதும் வேண்டாம், மூன்றாவதும் விழும் என்றுதான் நினைக்கிறேன். மிச்சமிருக்கிற சுவர்களின் தலையையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு ஆன்லே செய்து ஒட்டலாம். லேப் தம்பி சொன்ன லித்தியம் டைசிலிகேட் அதற்குப் பொருத்தம். அதன் உள்பக்கத்தை அமிலத்தால் சொரசொரப்பாக்கிப் பல்லோடு ஒட்ட முடியும், அதனால் வலு எண்ணில் குறைந்தாலும் பல்லோடு சேர்ந்து நிற்கும். முழு கேப் என்றால் நல்ல எனாமலையும் சுற்றிச் செதுக்க வேண்டியிருக்கும். 81 வயதில் உங்கள் ஆத்தாவுக்குப் பல் இருக்கிற மாதிரி உங்களுக்கும் இருக்க வேண்டுமே. இன்று செதுக்காமல் விட்ட எனாமல், பதினைந்து வருடம் கழித்து ஆன்லே கெட்டால் கேப் போட உதவும். சுவர் ஈறுக்குக் கீழே உடைந்திருந்தால் இந்த யோசனை செல்லாது, அப்போது கேப்தான்.

ஆத்தாவின் ஈறு ஓரப் பள்ளத்துக்கு, கூச்சம் இருந்தாலோ சாப்பாடு தங்கினாலோ மட்டும் அடைத்தால் போதும். அங்கே கண்ணாடி அயனோமர் வைப்பேன், கிளினிக்கில் ஜி.ஐ.சி. என்போம். 1970-களின் தொடக்கத்தில் லண்டனில் வில்சனும் கென்ட்டும் கொண்டுவந்தது. பல்லின் சுண்ணாம்போடு தானாகவே வேதிப்பிணைப்பு கொள்ளும், ஃப்ளோரைடு கசியவிடும், வேரின் ஓரத்தில் ஈரத்தை முழுக்க விரட்ட முடியாத இடத்துக்கு அது கைகொடுக்கும். தேய்மானத்துக்கு மட்டும் தாங்காது, அதனால் கடிக்கிற மேல்பரப்புக்கு வேண்டாம். வைத்த முதல் நாள் தண்ணீர் படாமலும் காயாமலும் இருக்க மேலே வாஸ்லினோ வார்னிஷோ தடவி அனுப்புவோம். அன்றைக்கு வெற்றிலை கூடாது.

அக்கா, இதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். ஆத்தா வாயை முழுதாகத் திறக்கும்போது அவருடைய மூன்று விரல்கள் நிமிர்ந்து உள்ளே போகிறதா? கன்னத்தின் உள்பக்கம் வெளுப்பாக, கயிறு மாதிரி தட்டுப்படுகிறதா? காரம் பட்டால் எரிகிறதா? பாக்கு, புகையிலை சேராமல் தனியாகவே, புற்றுநோய் வருவிக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பள்ளத்தை அடைப்பது அப்புறம். முதலில் யாராவது ஒரு டாக்டர் நல்ல வெளிச்சத்தில் ஆத்தாவின் கன்னத்தையும் நாக்கின் அடியையும் பார்க்கட்டும். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

---

கோட்டையூர் பலகாரம் எழுதியது:

ரெண்டு மாசம் கழிச்சு எழுதறேன். சொல்லாம இருந்தா தப்பு.

ஆத்தாவை முதல்ல கூட்டிட்டுப் போனேன். மூணு விரல் போகுது. இடது கன்னத்துல, வெத்திலையை ஒதுக்கி வைக்கிற இடத்துல மட்டும், சின்னதா வெளுப்பு இருக்குன்னு மதுரைக்கு எழுதிக் கொடுத்தாங்க. சதை கொஞ்சம் எடுத்துப் பார்த்தாங்க. இப்போதைக்குப் பயம் இல்லை, ஆனா பாக்கை விட்டே ஆகணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை காட்டணும்னு சொல்லிட்டாங்க. ஆத்தா மூணு நாள் யாரோடயும் பேசலை. நாலாம் நாள் வெத்திலை இடிக்கிற உரலைக் கழுவித் துடைச்சு அலமாரி மேல தூக்கி வச்சாங்க. கீழ எடுக்கலை. வாய்க்கு ஏலக்காயும் சோம்பும் கொடுக்கிறேன். பள்ளம் ரெண்டை ஜி.ஐ.சி. வச்சு அடைச்சாச்சு.

என் பல்லுக்கு ஆன்லே போட்டாச்சு. நரம்பு நல்லா இருக்குன்னுட்டாங்க. ஒட்டுற அன்னைக்கு ஒன்றரை மணி நேரம். பச்சைக் கலர் ரப்பர் விரிப்பு, பல்லைச் சுத்தி நூல் கட்டி இறுக்கினாங்க. மூக்கால மூச்சு விடப் பழக கொஞ்ச நேரம் ஆச்சு. அமிலம் கழுவினதும் கையில ஒரு கண்ணாடியைக் கொடுங்கன்னு சைகை காட்டினேன். டாக்டரம்மா சிரிச்சுட்டுக் காட்டினாங்க. தம்பி சொன்ன பூப்பைப் பார்த்தேன். தோசைக்கல்லுல மாவு ஊத்தின உடனே ஓரம் வெளுத்து வருமே, அந்த மாதிரி, பல்லோட விளிம்பு முழுக்க வெள்ளையா. கடி சரி பார்த்துத் தேய்ச்சாங்க. தேய்ச்ச இடத்துல மெருகு போடுங்கன்னு நான் சொல்றதுக்கு முன்னாலயே ரப்பர் சக்கரத்தை எடுத்துட்டாங்க. லேப் தம்பிக்கு இதைச் சொல்லணும்னு நெனச்சேன்.

வைகாசி முகூர்த்த ஆர்டர் ஓடிக்கிட்டிருக்கு. இப்ப ஈட்டுக்கு ஒண்ணு இல்லை, முதல் ஈடும் கடைசி ஈடும் மட்டும் கடிச்சுப் பார்க்கிறேன், அதுவும் ஆறின பிறகு, இடது பக்கத்துல. நடுவுல உள்ள ஈடுகளை மருமக காதுகிட்ட வச்சு கையால ஒடிக்கிறா. அவளுக்கு அந்தச் சத்தம் பிடிபட ஆரம்பிச்சிருக்கு.